கரையில் தீராத வழக்கு: எல்லை கடந்த மீனவர் ஒத்துழைப்பும் குடிமைச் சமூக அமைப்புகளும்

1. கேள்வி

தெற்காசியாவில் அரசுகள் ஒன்றுகூடிப் பேசும் மேடைகள் வலுவாக இருந்ததில்லை. 1985இல் தொடங்கிய சார்க் அமைப்பின் கடைசி உச்சி மாநாடு 2014இல் காத்மாண்டுவில் நடந்தது; அதற்குப் பின் ஒன்றுகூட நடக்கவில்லை. அரசுகள் விட்ட இடத்தை மக்கள் அமைப்புகள் நிரப்பும் என்ற நம்பிக்கை இந்தச் சூழலில்தான் வளர்ந்தது. தொழிற்சங்கங்கள், கூட்டுறவுகள், ஆய்வு மையங்கள், மனித உரிமைக் குழுக்கள், திருச்சபை சார்ந்த சமூகப் பணி நிறுவனங்கள் ஆகியவற்றை எல்லாம் சேர்த்துக் குடிமைச் சமூகம் என்கிறோம். இவை எல்லை தாண்டிப் பேசினால் பகை தணியும், ஒத்துழைப்பு பிறக்கும் என்பது ஒரு தரப்பின் வாதம். எல்லையும் கடற்படையும் சிறையும் அரசின் கையில் இருக்கும்போது இவற்றால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்பது மறுதரப்பின் வாதம்.

இரண்டு வாதங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டுமே குடிமைச் சமூகத்தை அரசுக்கு எதிரே நிற்கும் ஒற்றைப் பொருளாகக் கொள்கின்றன. நடைமுறையில் ஒரே அமைப்புகள், ஏறத்தாழ ஒரே ஆட்கள், ஒரே காலகட்டத்தில் ஓரிடத்தில் வென்றும் வேறோர் இடத்தில் தோற்றும் இருக்கிறார்கள். அந்த வேறுபாட்டை அரசின் தலையீட்டைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த மீனவர் அமைப்புகளின் வரலாறு இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற களம். உலக அளவில் சிறு மீனவர்களுக்கான நெறிமுறையை உருவாக்கியதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அயல்நாட்டுச் சிறைகளில் அடைபட்ட மீனவர்களை மீட்பதிலும் பங்கு உண்டு. ஆனால் பாக் நீரிணையில், யார் எங்கே எந்த வலையால் மீன்பிடிப்பது என்ற கேள்விக்கு 20 ஆண்டுகளாகப் பேசியும் முடிவு எட்டவில்லை. ஏன்?

எல்லைக்கு அப்பால் ஓர் உடன்பாட்டைக் காப்பாற்ற வேண்டுமானால், எல்லைக்கு இந்தப் பக்கம் தம்மவருக்குள் இருக்கும் தொழில்முறை மோதலை அமைப்புகள் முதலில் எதிர்கொண்டிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். கேரளக் கரையில் அது நடந்தது. பாக் நீரிணையின் தமிழகக் கரையில் நடக்கவில்லை.

2. ரோமும் திருவனந்தபுரமும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்ற கடற்கரைக் குடியிருப்பில் 1960களில் தொடங்கிய சமூகப் பணிதான் இந்த வரலாற்றின் வேர். லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ஆதரவில் அங்கு வந்த பணியாளர்கள், பிடித்த மீனைக் கரையில் ஏலம் விடும் அதிகாரம் வியாபாரிகளிடமும் கடன் கொடுப்போரிடமும் இருப்பதே வறுமையின் முடிச்சு என்று கண்டார்கள். ஏலம், சேமிப்பு, கடன் ஆகிய மூன்றையும் மீனவர் சங்கத்தின் கைக்குக் கொண்டுவந்த அந்த முறை அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்குப் பரவியது. 1980இல் அந்தச் சங்கங்கள் சேர்ந்து தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பை, சுருக்கமாக சிஃப்ஸை, அமைத்தன. மரியநாட்டில் பணியாற்றிய ஜான் குரியன் பின்னர் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் இருந்தபடி கேரள மீன்பிடித் தொழிலின் பொருளாதாரத்தை எழுதினார். நளினி நாயக் மீன் விற்கும் பெண்களோடும் தொழிற்சங்கத்தோடும் நின்றார். ஆய்வும் அமைப்பு வேலையும் இப்படி ஒரே வட்டத்துக்குள் நடந்தது, இந்தியாவின் பிற கரைகளில் அவ்வளவாகக் காணக் கிடைக்காத ஒன்று.

1984இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு மீன்வள மேலாண்மை குறித்த உலக மாநாட்டை ரோமில் நடத்தியது. மீன்பிடிப்பவர்களுக்கு அங்கே போதிய இடமில்லை என்று கருதிய மீனவர்களும் ஆதரவாளர்களும் 34 நாடுகளிலிருந்து வந்து அதே நகரில் தனி மாநாடு கூட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக 1986 நவம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த கூட்டத்தில் மீன்பிடித் தொழிலாளர் ஆதரவுப் பன்னாட்டு அமைப்பான ஐசிஎஸ்எஃப் பிறந்தது. அங்கே எடுக்கப்பட்ட ஒரு முடிவு பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள உதவும். தொழிலாளர்களின் பன்னாட்டுச் சங்கமாகத் தம்மை அறிவித்துக்கொள்ளாமல், தொழிலாளர்களுக்கு ஆதரவாக நிற்கும் ஆய்வாளர்கள், ஆசிரியர்கள், தொழில்நுட்பர்கள், களப்பணியாளர்கள் ஆகியோரின் கூட்டாகவே அவர்கள் அமைப்பை வரையறுத்தார்கள். மீனவரின் பெயரில் பேசும் உரிமை மீனவரின் சங்கங்களுக்கே உரியது என்ற தன்னடக்கம் அதில் இருந்தது. எல்லை கடந்து இயங்கும் அமைப்புகளில் இந்தத் தன்னடக்கம் அரிது.

சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டணி அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்தே வந்தது. 1997 நவம்பர் 21 அன்று புதுதில்லியில் உலக மீனவர் பேரவை உருவானது. அந்த நாள்தான் இன்று உலக மீன்பிடித் தொழில் நாளாகக் கொண்டாடப்படுகிறது. தேசிய மீனவர் பேரவையின் தலைவராக இருந்த பாதிரியார் தாமஸ் கோச்சேரி அந்த முயற்சியின் முன்னணியில் நின்றார். மூன்றே ஆண்டுகளில், 2000இல் பிரான்ஸின் லோக்துடி நகரில் கூடியபோது, அது இரண்டாக உடைந்தது. பிரதிநிதித்துவத்தைக் கோராத அமைப்பு நீடித்ததும் கோரிய அமைப்பு உடைந்ததும் தற்செயல் என்று தோன்றவில்லை. யார் யாருக்காகப் பேசுகிறார் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் ஒப்பேற்றலாம் என்று நினைத்தால், அது அடுத்த கூட்டத்திலாவது வந்து நிற்கும்.

3. கேரளக் கரையில் நடந்த முன்வேலை

இந்த அமைப்புகள் பன்னாட்டு மேடை ஏறுவதற்கு முன் சொந்தக் கரையில் ஒரு நீண்ட சண்டையில் இருந்தன. 1953இல் இந்தியா, நார்வே, ஐ.நா. ஆகிய மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய நார்வே திட்டம் தொடங்கியது. சிறு மீனவரின் வாழ்வை உயர்த்துவது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். விளைவு வேறாயிற்று. இறால் ஏற்றுமதி விலை ஏறியதும், கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி விசைப்படகுகள் பெருகின. அவற்றில் முதலிட்டவர்களில் பலர் மீன்பிடிச் சமூகத்துக்கு வெளியே இருந்தவர்கள். கட்டுமரத்திலும் வள்ளத்திலும் தொழில் செய்தவர்களின் மீன்பாடு 1970களில் சரிந்தது. கடலிலேயே மோதல்கள் நடந்தன, வலைகள் அறுபட்டன, படகுகள் எரிந்தன.

கேரள சுதந்திர மீன்தொழிலாளர் கூட்டமைப்பு இந்தப் பின்னணியில் எழுந்தது. உண்ணாவிரதங்களாலும் மறியல்களாலும் அழுத்தம் கூடிய 1980களில் மாநில அரசு பாபு பால், கலாவர், பாலகிருஷ்ணன் நாயர் ஆகியோர் தலைமையில் மூன்று குழுக்களை அடுத்தடுத்து அமைத்தது. 1988இல் மழைக்கால இழுவைமடித் தடை நடைமுறைக்கு வந்தது. விசைப்படகு உரிமையாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. இன்று ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் கேரளக் கடலில் இழுவைமடி நிற்கிறது. தடை போதுமா, அதனால் மீன்வளம் எவ்வளவு மீண்டது என்பது தனி விவாதம். ஆனால் அரசியல் பயன் ஒன்று உண்டு. யார் சிறு மீனவர், யார் முதலாளி, எந்த வலை கடலை அழிக்கிறது என்ற கேள்விகளுக்கு அந்த இயக்கம் தன் சொந்தச் சமூகத்துக்குள், சொந்த மதத்தாரோடும் உறவினரோடும் மோதி விடை சொல்லியிருந்தது. மீனவர் என்ற ஒரே பெயருக்குள் எதிரெதிர் நலன்கள் உண்டு என்பதை வெளியார் சொல்லக் கேட்டு அது கற்கவில்லை.

திருவனந்தபுரத்துக்கு இன்னொரு சாதகமும் இருந்தது. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்தது. என்றாலும் தூத்தூர் வட்டார மீனவக் கிராமங்கள் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்துக்குள்தான் இருக்கின்றன. சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடலின் ஆழத்துக்குப் போகும் தூத்தூர்க்காரர்கள் கொச்சியில் படகு அணைக்கிறார்கள். டீகோ கார்சியா பக்கம் போய்ப் பிடிபட்டு அபராதம் கட்டியவர்களும் அவர்களில் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது பூந்துறை, விழிஞ்ஞத்துக் குடும்பங்களும் தூத்தூர், வள்ளவிளைக் குடும்பங்களும் ஒரே பட்டியலில் பெயர் தேடின. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்தக் கரையில் வேலை செய்த அமைப்புகளுக்கு எல்லை என்பது கோட்பாட்டுப் பிரச்சினையாக இல்லை. அன்றாடக் காரியமாக இருந்தது.

4. எங்கே வென்றார்கள்

வெற்றிகள் இரண்டு வகை. முதலாவது சிறை மீட்பு. 1990களின் பிற்பகுதியில் சிஃப்ஸின் வி. விவேகானந்தன் ஒருங்கிணைப்பில், தமிழக மீனவர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து அப்பாவி மீனவர் விடுதலைக் கூட்டணியை, ஆரிஃப் என்று சுருக்கமாக அறியப்பட்டதை, உருவாக்கின. இலங்கைச் சிறைகளில் இருந்த இந்திய மீனவர், இந்தியச் சிறைகளில் இருந்த இலங்கை மீனவர் ஆகிய இரு தரப்பின் விடுதலைக்கும் அது வேலை செய்தது. இந்த இரண்டாவது பாதி கவனிக்கத்தக்கது. தம்மவரை மட்டும் மீட்கும் அமைப்பு தேசியவாதத்தின் ஒரு கிளைதான். எதிர்த்தரப்பு மீனவருக்கும் வழக்கறிஞர் தேடும்போதுதான் எல்லை கடந்த நம்பிக்கை பிறக்கிறது. மேற்குக் கரையில் இதே வேலையை இந்தியாவின் தேசிய மீனவர் பேரவையும் பாகிஸ்தான் மீனவர் பேரவையும், 1994இல் தொடங்கிய பாகிஸ்தான் இந்தியா மக்கள் மன்றமும் செய்தன. 2008 மே மாதம் இரு நாடுகளும் தூதரகத் தொடர்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் கைதிகள் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும் கடமை அதிலிருந்து வந்தது. உறவு எவ்வளவு கெட்டிருந்தாலும் அந்தப் பட்டியல் வருகிறது. பட்டியல் வந்தவுடன் மீனவர் வீடு திரும்புகிறார் என்று பொருளில்லை. ஆனால் அவர் இருக்கிறார் என்பதாவது குடும்பத்துக்குத் தெரிகிறது.

இரண்டாவது வெற்றி நெறிமுறை. ஐசிஎஸ்எஃப், இரண்டாக உடைந்த உலகப் பேரவையின் இரு பிரிவுகள், வேறு சில அமைப்புகள் ஆகியவை பல ஆண்டுகள் நடத்திய வேலையின் பயனாக 2014 ஜூனில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் மீன்வளக் குழு சிறு அளவு மீன்பிடிப்புக்கான தன்னார்வ வழிகாட்டி நெறிகளை ஏற்றுக்கொண்டது. அந்த நெறிகளுக்காக அயராது உழைத்த ஐசிஎஸ்எஃப் செயலர் சந்திரிகா சர்மா, அதே ஆண்டு மார்ச் 8 அன்று காணாமல் போன மலேசிய விமானத்தில் இருந்தார். நெறிகள் அவருக்குச் சமர்ப்பிக்கப்பட்டன. பகிர்ந்துகொள்ளும் கடற்பரப்புகளில் சிறு மீனவரின் உரிமையைக் காக்க நாடுகள் சேர்ந்து செயல்பட வேண்டும் என்று நெறிகள் கூறுகின்றன. சட்டம்போல் கட்டுப்படுத்தாது என்றாலும், 1984இல் ரோமில் கதவுக்கு வெளியே நின்றவர்கள் 30 ஆண்டுகளில் உள்ளே உட்கார்ந்து வாசகம் எழுதினார்கள் என்பது சிறிய காரியமன்று.

ஆனால் இந்த இரு வெற்றிகளுக்கும் ஒரு பொது இயல்பு உண்டு: இவற்றால் மீனவர் தரப்பில் எவருக்கும் இழப்பில்லை. கைதி விடுதலையால் இராமேசுவரத்துப் படகு உரிமையாளருக்கும் நட்டமில்லை, மன்னார் மீனவருக்கும் நட்டமில்லை. அரசுகளுக்கோ அது மலிவான நல்லெண்ணம். 2014 மேயில் இந்தியப் பிரதமரின் பதவியேற்பை ஒட்டிப் பாகிஸ்தானும் இலங்கையும் இந்திய மீனவர்களை விடுவித்தன. நீதியாக வந்திருக்க வேண்டியது அங்கே விருந்துக்குக் கொண்டுபோகும் சீதனத்தட்டாக வந்தது. வழிகாட்டி நெறிகளும் அப்படியே. ரோமில் அவற்றை ஏற்றுக்கொண்ட எந்த நாடும் மறுநாள் ஒரு படகையாவது நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

5. பாக் நீரிணை

வளத்தைப் பங்கிடும் கேள்வி வரும்போது நிலைமை மாறுகிறது. 1974, 1976 ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடல் எல்லையை வகுத்தன. கோடு வகுத்த கையோடு மீன்பிடிப்பு ஒழியவில்லை. 1983இல் போர் மூண்டபின் வடக்கு மாகாண மீனவர்கள் பாதுகாப்புத் தடைகளால் கடலிழந்தார்கள், இடம்பெயர்ந்தார்கள், படகிழந்தார்கள். அதே ஆண்டுகளில் தமிழகக் கரையில் இழுவைமடிப் படகுகள் பெருகின. தம் பக்கக் கடலடியை வாரித் தீர்த்த படகுகளுக்கு எதிர்க்கரையின் ஆளில்லாக் கடல் திறந்து கிடந்தது. அப்படிப் போன மீனவர் பலர் இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிக்கு இரையானார்கள். அந்தக் கொலைகளுக்கு நியாயம் ஏதுமில்லை. ஆனால் 2009இல் போர் முடிந்து வடக்கு மீனவர் கடலுக்குத் திரும்பியபோது, தம் செவுள்வலைகளை இரவில் அறுத்துச் செல்லும் இழுவைப் படகுகளைக் கண்டார்கள் என்பதும் மறுக்க முடியாதது.

2002இல் வந்த போர்நிறுத்தம் ஒரு வாய்ப்பைத் தந்தது. 2004 மேயில் ஆரிஃப் ஏற்பாட்டில் தமிழக மீனவர் குழு ஒன்று இலங்கை சென்று மன்னார், யாழ்ப்பாண மீனவர்களைச் சந்தித்தது. இலங்கைக் கடலில் இழுவைமடி முடிவுக்கு வர வேண்டும் என்பதைக் கொள்கையளவில் தமிழகத் தரப்பு ஏற்றது. அதற்குக் கால அவகாசம் கேட்டது. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் விலகி நிற்கவும், இரட்டைமடி போன்ற அழிவு வலைகளைக் கைவிடவும் ஒப்புக்கொண்டது. அரசுகளின் பங்கேற்பு இல்லாமல் மீனவர்களே எட்டிய இந்த இணக்கம், இப்பிரச்சினையின் வரலாற்றில் மிக முன்னேறிய புள்ளி. 2010 ஆகஸ்டில் சென்னையில் நடந்த அடுத்த பேச்சில் இது கணக்காக மாறியது: ஓராண்டுக்கு மட்டும், அதிலும் 70 நாட்கள் மட்டும், கட்டுப்பாடுகளோடு, பிறகு இழுவைமடி நிறுத்தம். அரசுகள் ஒப்புதல் தரவில்லை. படகுகளும் நிற்கவில்லை.

இதற்குப் பின் அரசுகளே மீனவரை அழைத்துப் பேச வைத்தன. 2014 ஜனவரியில் சென்னை, மேயில் கொழும்பு, 2015 மார்ச்சில் மீண்டும் சென்னை. கடைசிக் கூட்டத்தில் தமிழகத் தரப்பு கேட்டது மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 83 நாட்கள். இலங்கைத் தரப்பு மறுத்தது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுப் பேச்சின் முடிவில் ஓராண்டு மூன்றாண்டானது, 70 நாட்கள் 83 ஆனது. பேச்சுவார்த்தையில் கோரிக்கை குறைந்துகொண்டு வருவதே வழக்கம்; இங்கே வளர்ந்திருக்கிறது. தமிழகக் குழுவின் நாற்காலிகளில் பெரும்பாலும் இருந்தவர்கள் விசைப்படகு உரிமையாளர் சங்கத் தலைவர்கள் என்பதை நினைத்தால் இது வியப்பில்லை. இழுவைமடியை நிறுத்துவது என்பது அவர்களின் முதலை நிறுத்துவது. தம் உறுப்பினர்களிடம் போய் அதைச் சொல்லும் வலு எந்தத் தலைவருக்கும் இல்லை. சொன்னால் அடுத்த தேர்தலில் தலைவராக இருக்க முடியாது.

மேசையில் இல்லாதவர்கள் யார் என்று கேட்டால் படம் தெளிவாகும். இராமநாதபுரம் கரையில் நாட்டுப்படகுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாட்களில் நாட்டுப்படகு என்று கடலையே நாள் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கே இருக்கிறது என்பதே இரண்டு தொழிலும் ஒருசேர நடக்க முடியாது என்பதற்குச் சான்று. இலங்கை மீனவரின் வலையை அறுக்கும் அதே மடி இவர்களின் வலையையும் அறுக்கிறது. இருந்தும் மன்னார் மீனவரின் இயல்பான கூட்டாளிகளான இவர்கள் பேச்சுகளில் ஓரமாகவே இருந்தார்கள். பங்குக்குத் தொழில் செய்யும் கூலி மீனவர்களும் அப்படியே. சிறைக்குப் போவது அவர்கள், படகு அரசுடைமையானால் கத்துவது உரிமையாளர். இருவரின் நலனும் ஒன்றல்ல. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கைது நடந்த வீடுகளைச் சுமந்து நிற்கும் பெண்கள் போராட்டப் பந்தலில் முன்வரிசையில் இருப்பார்கள். பேச்சுக் குழுவின் பட்டியலில் அவர்களைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

எதிர்க்கரையில் நடந்ததும் இதே வாதத்துக்குச் சான்றாகிறது. வடக்கு மீனவரின் கூட்டுறவுச் சமாசங்களும், நீர்கொழும்பைத் தளமாகக் கொண்ட தேசிய மீனவர் ஒத்துழைப்பு இயக்கமும் தொடர்ந்து அழுத்தம் கொடுத்தன. யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2017 ஜூலையில் நிறைவேறி, இலங்கைக் கடலில் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. அது இந்தியப் படகுகளை மட்டும் தாக்கவில்லை; குருநகரிலும் பேசாலையிலும் இருந்த உள்ளூர் இழுவைப் படகுகளையும் தாக்கியது. அதனால் அங்கேயே எதிர்ப்பும் எழுந்தது, அமலாக்கமும் தளர்வாகவே இருக்கிறது. என்றாலும் தம்மவரின் வலையையும் சேர்த்துத் தடை செய்யச் சொன்ன ஒரு சமூகம் பேச்சு மேசையில் பெறும் அறவலிமை வேறு.

6. மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, தோல்விக்குக் காரணம் அரசுகள்தான் என்பது. 2010 இணக்கத்தை அரசுகள் ஏற்கவில்லை. 2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்கள் கூடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் கூட்டுப் பணிக்குழுவை அறிவித்தார்கள். அதன் ஆறாவது கூட்டம் 2024 அக்டோபரில்தான் கொழும்பில் நடந்தது. இதைவிட அரசுகளின் அக்கறையின்மைக்கு என்ன சான்று வேண்டும்? உண்மை. ஆனால் அரசுகள் இவ்வளவு சோம்பலாக இருக்க முடிந்ததற்குக் காரணம், அவற்றின் முன் தெளிவான கோரிக்கை வைக்கும் சக்தி இந்தியக் கரையில் இல்லாததுதான். கேரளத்தில் 1980களின் அரசும் தானாக நகரவில்லை. மூன்று குழுக்கள் அமைத்துக் காலம் கடத்தியது. இயக்கம் விடாததால்தான் தடை வந்தது. தமிழக அரசியலில் எல்லாக் கட்சிகளும் 1974 ஒப்பந்தத்தில் இலங்கை வசமான கச்சத்தீவைப் பேசும்; இழுவைமடியை எவரும் பேசமாட்டார்கள். கச்சத்தீவு நாளையே கைக்கு வந்தாலும், அதைச் சுற்றியுள்ள கடலடி ஏற்கெனவே வாரப்பட்டதுதான். படகுகள் அதையும் தாண்டிப் போகும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நேர்மையானது. கேரளத்துக்கு எதிர்க்கரை இல்லை. அங்கே மோதல் ஒரே மாநிலத்துக்குள், ஒரே சட்டத்தின் கீழ் நடந்தது. பாக் நீரிணையில் எல்லை ஒரு பாய்ச்சல் தூரம், ஒரு போரும் குறுக்கே நின்றது. இரண்டையும் ஒப்பிடுவது தகுமா? வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டமும் இங்கே மீனவருக்குச் சாதகமாக இல்லை: ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவு, தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி மீறலுக்குச் சிறைத்தண்டனை கூடாது என்கிறது. ஆனால் பாக் நீரிணையை வரலாற்று நீர்ப்பரப்பாகக் கொள்ளும் இலங்கைக்கு அந்தப் பாதுகாப்பை அங்கே மறுக்க இடமுண்டு. 2018இல் இலங்கை திருத்திய சட்டப்படி அயல்நாட்டுப் படகுக்கு அபராதம் 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை போகலாம். ஆனால் ஒப்பீட்டின் நோக்கம் சூழலை ஒன்றாக்குவதல்ல. தடை, மாற்றுத் தொழில், படகு விலைக்கு வாங்கல் போன்ற எந்த உடன்பாட்டுக்கும் முதல் பணி இந்தியக் கரையில்தான் நடக்க வேண்டும். அது முழுக்க இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டது. அந்த வகையில் அது கேரளச் சிக்கலேதான்.

2017இல் அறிவித்த ஆழ்கடல் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாக் நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக, அரசு மானியத்தோடு ஆழ்கடலில் சூரை பிடிக்கும் தூண்டில் படகுகள் தருவது நோக்கம். படகு ஒன்றின் விலை 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள். இலக்கின் மிகச் சிறு பகுதியைக்கூடத் திட்டம் எட்டவில்லை. காரணங்கள் பல, ஒன்று மட்டும் இங்கே போதும். அன்று மாலை போய் மறுநாள் காலை திரும்பும் தொழிலிலிருந்து, வாரக்கணக்கில் கடலில் தங்கும் தொழிலுக்கு மாற மானியம் மட்டும் போதாது. தூத்தூர்க்காரர்கள் தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு வேண்டும், குடும்பம் அதற்குப் பழக வேண்டும், கூலியாட்களின் பங்கு என்ன என்று தீர்மானிக்க வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவதுதான் கூட்டுறவுகளும் சங்கங்களும் செய்யத் தக்க வேலை. அவற்றை இதில் பொருட்படுத்தி அழைக்கவில்லை.

மூன்றாவது மறுப்பு, இந்த அமைப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல, வெளிநாட்டு நிதியில் நிற்பவை என்பது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் இந்தச் சந்தேகத்துக்கு அரசின் முத்திரையும் கிடைத்திருக்கிறது. நிதி எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நியாயம். ஆனால் 1986இல் திருவனந்தபுரத்தில் கூடியவர்கள் தம்மை ஆதரவாளர் என்று மட்டும் வரையறுத்ததில் இதற்கான விடையும் இருந்தது. சிக்கல் வேறொரு திசையில் இருக்கிறது. ஆதரவாளராக மட்டும் நின்றதால், பேச்சு மேசையில் யார் உட்கார வேண்டும் என்ற கேள்வியை அந்த அமைப்புகள் சங்கங்களிடமே விட்டுவிட்டன. சங்கங்களில் வலுத்தது விசைப்படகுச் சங்கம். தன்னடக்கம் இங்கே பலவீனமாகவும் ஆயிற்று. ஜானி ஸ்டீஃபன், அஜித் மேனன், ஜோரி ஸ்கோல்டென்ஸ், மார்ட்டன் பாவிங்க் ஆகியோர் 2013இல் இப்பேச்சுகளைப் பற்றி எழுதிய கட்டுரை, சகோதரர் என்ற பேச்சுக்கு அடியில் இருக்கும் அதிகார ஏற்றத்தாழ்வையும் பல தளங்களில் நடக்கும் அரசியலையும் கவனப்படுத்தியது. அதோடு உடன்பட்டு இன்னும் ஒரு படி போகலாம்: தமிழர் என்ற உறவை அழுத்திச் சொன்னது, இரு கரைச் சிறு மீனவருக்கும் பொதுவான தொழில் நலனைச் சொல்லாமல் விட உதவியது.

7. இனி

2025 மார்ச்சில் இராமேசுவரம் மீனவர் பிரதிநிதிகள் வவுனியா சென்று வடக்கு மீனவரோடு பேசினார்கள். அரசுகள் கைவிட்டாலும் மீனவர்கள் பேசுகிறார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் பேச்சின் பொருள் 2004இல் இருந்த இடத்தைவிட முன்னேறவில்லை. சில வகையில் பின்வாங்கியிருக்கிறது. படகு பறிமுதல், அபராதம், விடுதலை ஆகியவற்றைச் சுற்றியே அது ஓடுகிறது. இழுவைமடி எந்த ஆண்டில், எந்தக் கட்டத்தில், யார் செலவில் நிற்கும் என்ற கேள்விக்குத் தமிழகத் தரப்பில் எழுத்தில் ஒரு விடை இன்னும் இல்லை.

அந்த விடையை எழுத வைக்கும் வேலையைச் சென்னை அரசு செய்யும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கேரளக் கரையில் அரை நூற்றாண்டு அனுபவம் உள்ள அமைப்புகள், பாக் நீரிணையின் நாட்டுப்படகுச் சங்கங்களோடும் கூலி மீனவரோடும் கைதானவர்களின் குடும்பப் பெண்களோடும் சேர்ந்து அதைச் செய்ய முடியும். அடுத்த சுற்றுப் பேச்சுக்குத் தமிழகக் குழுவின் பெயர்ப்பட்டியல் தயாராகும்போது, அதில் பாதிப் பேராவது இழுவைப் படகுக்குச் சொந்தக்காரராக இல்லாதவராக இருக்க வேண்டும். இதற்கு இரு நாட்டு ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. மாநில மீன்வளத் துறையின் ஓர் ஆணையும், அதை விடாமல் கேட்கும் சங்கங்களும் போதும்.